எழுபத்திரண்டு சதுரமாகாது

எனக்குத் தலை எண்ணப் பயம். ஒரு கணக்கு டீச்சர் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஓர் இடத்தில் நிற்காத குழந்தைகளை ஒன்று, இரண்டு என்று விரல் நீட்டி எண்ணினால் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வரும். முதல் தடவை எழுபது வரும், அடுத்த தடவை எழுபத்து நான்கு வரும். நடுவில் ஒருத்தி செருப்பு வாரைச் சரி செய்யக் குனிவாள், இன்னொருத்தி தோழியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து விளையாடுவாள். அந்த நான்கு பேர் எங்கே என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

அதனால் நான் எண்ணாமல், நிற்க வைத்துப் பார்க்கப் பழகிக்கொண்டேன். வரிசைக்கு இத்தனை பேர், இத்தனை வரிசை என்று செவ்வகமாக நிற்க வைத்துவிட்டால், ஒருத்தி இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் பள்ளம் விழும். கண் நேராக அங்கே போய் நின்றுவிடும். இது நானே கண்டுபிடித்த வழி என்பதால் கொஞ்சம் கர்வமும் இருந்தது. பி.டி. சாரிடமே, "நீங்க விசில் ஊதி எண்ணி முடிக்கறதுக்குள்ள நான் பாத்து முடிச்சிருப்பேன்" என்று பீற்றிக்கொண்டதும் உண்டு.

பயம் எனக்குப் புதிதல்ல. என் கணவருக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை, குடியிருப்பு அணுபுரத்தில். ஒத்திகைக்காகச் சங்கு ஊதினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் காபியைக் கீழே வைக்கமாட்டார்கள். நானோ அது ஒத்திகை என்று முதல் நாளே தெரிந்திருந்தும், காஸை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருப்பேன். என் கணவர், "உன்னை மாதிரி நாலு பேர் இருந்தா போதும், நாட்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்பார். கேலிதான். ஆனால் எனக்கு அது பாராட்டாகவும் கேட்கும்.

எங்கள் பள்ளி செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில் இருக்கிற பெண்கள் பள்ளி. ஆறாம் வகுப்பில் இரண்டு பிரிவு. மாமல்லபுரத்துக்கு ஒரு நாள் சுற்றுலா என்று முடிவானதும் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் பயப்படுவீங்க, அதனால நீங்கதான் போகணும்" என்றார். கூட பி.டி. சாரும் ஆயாம்மாவும். கடலில் கால் நனைக்கக்கூட யாரையும் விடக் கூடாது என்பது உத்தரவு. அந்த உத்தரவை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். மாமல்லபுரம் கடலில் குளிக்கப் போனவர்களைப் பற்றிப் பேப்பரில் வரும் ஒவ்வொரு செய்தியையும் நான் கடைசி வரி வரை படிப்பவள்.

பெற்றோர் கையெழுத்துப் போட்ட தாள் எழுபத்து மூன்று வந்தது. எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் ஒரு எண் வருமோ, அந்த இரண்டும் அதற்குக் காரணி ஜோடி. ஒன்றிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். எழுபத்து மூன்றுக்கு இரண்டு போகாது, மூன்று போகாது, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு எதுவும் போகாது. ஒன்பதிலிருந்து பார்க்கத் தேவையே இல்லை, ஒன்பதும் ஒன்பதும் எண்பத்தொன்று, தாண்டிவிடும். ஆக, ஒன்றும் எழுபத்து மூன்றும் மட்டுந்தான் ஜோடி. எழுபத்து மூன்று பெண்களை ஒரே வரிசையில் விட்டால் முன்னால் போகிறவள் கடலில் நிற்பாள், பின்னால் வருகிறவள் பஸ்ஸில் இருப்பாள்.

வேறு வழியில்லாமல் வரிசைக்கு எட்டுப் பேராக ஒன்பது வரிசை, மிஞ்சும் ஒருத்தி ஆயாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள் என்று வைத்தேன். ஒரு வாரம் மைதானத்தில் பயிற்சி நடந்தது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தலைவி. இரண்டு சட்டம் போட்டேன். முதலாவது, யாரும் தனியாக எங்கும் போகக் கூடாது. தண்ணீருக்கோ பாத்ரூமுக்கோ ஒருத்தி போனால் எட்டுப் பேரும் போக வேண்டும், தலைவி என்னிடம் கேட்டுவிட்டுக் கூட்டிப் போக வேண்டும், எட்டுப் பேரும் கோத்த கையை விடக் கூடாது. இரண்டாவது, முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் ஒரு கை தூரம். அதற்கு மேல் இடைவெளி இருந்தால் கூட்டத்தில் யாராவது குறுக்கே புகுந்து வரிசை அறுந்துபோகும் என்று பயந்தேன். இரண்டு சட்டமும் பயத்தில் பிறந்தவை. பெண்கள் அவற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

சுற்றுலா அன்று காலை ஒருத்தியின் அப்பா டூவீலரில் வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல், அனுப்பவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்ட டீச்சர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எழுபத்திரண்டு எனக்குப் பிடித்த எண். ஆயாம்மா கையிலிருந்தவளைக் காய்ச்சல்காரியின் வரிசையில் சேர்த்துவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்து வருகைத் தாளின் பின்பக்கத்தில் அதன் ஜோடிகளைச் சும்மாவே எழுதிப் பார்த்தேன். ஒன்று எழுபத்திரண்டு. இரண்டு முப்பத்தாறு. மூன்று இருபத்து நான்கு. நான்கு பதினெட்டு. ஐந்து போகாது. ஆறு பன்னிரண்டு. ஏழு போகாது. எட்டு ஒன்பது. அடுத்து ஒன்பதுக்குப் போனால் எட்டு வரும், அதுதான் ஏற்கெனவே வந்துவிட்டதே, அங்கே நிறுத்திவிடலாம். ஆறு ஜோடிகள். எப்படி நிறுத்தினாலும் ஒருத்தியும் மிஞ்சமாட்டாள். அந்தத் தாளைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தைரியமாக இருந்தது.

முதலில் வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் போனோம். அங்கேயே எனக்கு மூன்று முறை உயிர் போய் வந்தது. சரிவில் ஒருத்தி உட்கார்ந்து சறுக்கியதைப் பார்த்து, பாறை உருண்டதோ என்று கத்திவிட்டேன். ஒருத்தியைக் காணோம் என்று தேடினேன், என் புடவைத் தலைப்புக்குப் பின்னால்தான் நின்றாள். ஒருத்தியின் உதட்டில் ரத்தம் என்று ஓடினேன், குச்சி ஐஸின் நிறம். பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "மேடம், நீங்க பயந்து பயந்தே எனக்கு பிரஷர் ஏத்திவுட்ருவீங்க போல" என்றார். பெண்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. இனி வாயைத் திறப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று நான் செய்த முதல் தப்பு அதுதான்.

அடுத்தது ஐந்து ரதம். அங்கே நல்ல கூட்டம். வடநாட்டு யாத்திரைக்காரர்கள், செல்ஃபி எடுக்கும் ஜோடிகள், இன்னொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்று கல் யானைக்கு முன்னால் மூச்சுவிட இடமில்லை. பார்த்து முடித்து வெளியே வந்த நேரத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் போனில் கூப்பிட்டார். சாப்பாடு ஆயிற்றா, வெயில் எப்படி, யாரும் தண்ணீர்ப் பக்கம் போகவில்லையே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பி.டி. சார் அதற்குள் விசில் ஊதி வரிசையைக் கூட்டிவிட்டார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். ஐந்தாம் வரிசையின் தலைவி கையைத் தூக்கி, "மிஸ், எங்களுக்கு முன்னாடி..." என்று ஏதோ ஆரம்பித்தாள்.

"பேச்சு வேணாம். முன்னாடி தள்ளி நில்லு, கை தூரம்" என்றேன்.

அவள் தள்ளி நின்றாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொரு வரிசையாகத் தள்ளி நின்றார்கள். வழக்கம்போல் ஒரு மூலையில் நின்று பார்த்தேன். எங்கும் பள்ளம் இல்லை. அவ்வளவு கச்சிதமாக அவர்கள் ஒரு வாரப் பயிற்சியில் ஒரு நாளும் நின்றதில்லை. முன்னாலிருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே அளவாக இருந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

"சார், இப்படியே ஒரு போட்டோ எடுங்க. எவ்ளோ அழகா நிக்குதுங்க பாருங்க" என்றேன்.

அவர் பஸ் படியில் ஏறி நின்று எடுத்தார். பஸ் கிளம்பியது. காலையில் மூன்று பேர் சீட்டில் நான்கு பேராக நெருக்கி உட்கார்ந்து வந்தவர்கள், இப்போது கொஞ்சம் தாராளமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆயாம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு, "இப்பத்தான் பஸ்ல காத்து வருது" என்றாள். ஜன்னல் திறந்திருக்கும், அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு திடலில் மர நிழலில் எல்லோரையும் உட்கார வைத்துப் பொட்டலம் கொடுத்தோம். எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கும். கடல் அங்கிருந்து தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். ஆயாம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். சமையல்கார அம்மா எழுபத்து மூன்று கட்டிக் கொடுத்திருந்தாள். காய்ச்சல்காரி வரவில்லை. ஒன்றுதான் மிஞ்சியிருக்க வேண்டும். கூடையில் ஒன்பது இருந்தது.

"சார், பொட்டலம் ஒம்போது மிச்சமா இருக்கு" என்றேன்.

"சேத்துக் கட்டியிருப்பாங்க மேடம். பசங்க நல்லா சாப்பிடட்டும்னு." அவர் என்னைப் பார்த்த பார்வையில், மறுபடியுமா என்று இருந்தது.

நான் போய் உட்கார்ந்தேன். காலையில் மூன்று முறை பொய்யாகப் பயந்தவள், நான்காம் முறை பயந்தால் யார் மதிப்பார்கள். ஒரு வாய் சாதத்தை எடுத்து வாயில் வைத்தேன். ஒன்பதில் ஒன்று போனால் எட்டு. எட்டு என்பது ஒரு வரிசை.

"சார், அந்தப் போட்டோவைக் காட்டுங்க."

"பேரன்ட்ஸ் குரூப்ல போட்டுட்டேனே மேடம். எல்லாரும் ஹார்ட்டு ஹார்ட்டா அனுப்பறாங்க" என்று போனை நீட்டினார்.

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். இடமிருந்து வலம் எண்ணினேன், எட்டு. படத்தில் யாரும் நகரமாட்டார்கள், எண்ணத் தடையில்லை. முன்னாலிருந்து பின்னால் எண்ணினேன். எட்டு. திரும்ப எண்ணினேன். அதே எட்டு.

எட்டும் எட்டும் அறுபத்து நான்கு. நான் அழகு என்று சொன்னது ஒரு சதுரத்தை. எழுபத்திரண்டின் ஆறு ஜோடிகளில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிற ஜோடி கிடையாது. எட்டுக்கு ஜோடி ஒன்பது. எழுபத்திரண்டு பேர் எப்படி நின்றாலும் சதுரமாக நிற்க முடியாது. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இதே பெண்களைச் சொல்லவும் வைத்தவள் நான். ஒருத்தி காணாமல் போயிருந்தால் பள்ளம் விழுந்திருக்கும், எனக்குத் தெரிந்திருக்கும். ஒரு வரிசையே போய்விட்டதால் பள்ளமே விழவில்லை. விழ இருந்த இடத்தையும் கை தூரம், கை தூரம் என்று நானே மூடவைத்தேன்.

கத்த வேண்டும்போல் இருந்தது, ஆனால் அறுபத்து நான்கு பேர் என்னைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். ஐந்தாம் வரிசைத் தலைவியிடம் போய்க் குனிந்து, "உங்களுக்கு முன்னாடி நிக்கிற வரிசை எங்கடி?" என்று கேட்டேன்.

"நாலாவது வரிசை ரதத்துகிட்டயே நின்னுட்டாங்க மிஸ். நான் சொல்ல வந்தேன், நீங்க தள்ளி நிக்கச் சொன்னீங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

பி.டி. சாரின் முகம் வெளுத்துவிட்டது. அவரையும் ஆயாம்மாவையும் அறுபத்து நான்கு பேரோடு அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, ரோட்டுக்கு ஓடி ஒரு ஆட்டோவை மறித்தேன். ஐந்து ரதம், சீக்கிரம் என்றேன்.

"சீக்கிரம்னா இன்னாம்மா, பறக்கவா முடியும்? முன்னால டூரிஸ்ட் பஸ் நின்னுகினு கீது பாரு" என்றார் டிரைவர்.

ரதங்களுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு இருக்கிறது. தோப்பைத் தாண்டினால் கடல். அங்கே காவலுக்கு ஒருவரும் கிடையாது. முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஒருத்தி தண்ணீரில் கால் வைத்தால், என் சட்டப்படி எட்டுப் பேரும் வைப்பார்கள். ஒருத்தியை அலை இழுத்தால் மற்ற ஏழு பேரும் கையை விடமாட்டார்கள். கையை விடாதே என்று ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தவளும் நான்தானே.

போன் அதிர்ந்தது. ஒரு அம்மா, நான்காம் வரிசைப் பெண் ஒருத்தியின் அம்மா, குரூப்பில் இல்லாமல் எனக்குத் தனியாக அனுப்பியிருந்தார். ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர். "மிஸ் போட்டோல எம்பொண்ணு தெரியலயே, எங்க நிக்குது?"

என்ன எழுதுவது? விரல் தானாக அடித்தது. "பின்னாடி நிக்கிறாம்மா."

கையெடுத்துக் கும்பிடும் படம் ஒன்று பதிலாக வந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த பயம் அதுவரை எதற்கும் வந்ததில்லை. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால், அவள் அம்மாவிடம் நான் கடைசியாகச் சொன்னது ஒரு பொய்.

ஐந்து ரதத்தில் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் கேட்டேன். எத்தனையோ ஸ்கூல் வருது, எந்த ஸ்கூல் என்று யார் பார்த்தார்கள் என்றார்கள். உள்ளே ஓடி ஒவ்வொரு ரதத்தையும் சுற்றிவந்தேன். இல்லை. சவுக்குத் தோப்புக்குள் நுழைந்தேன். மணலில் கால் புதைந்தது, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். தோப்பு முடிந்ததும் கடல் ஒரேயடியாகக் கண்முன்னால் விரிந்தது. தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, மணலில், ஒரு குவியலாகச் செருப்புகள் கிடந்தன.

அப்போதும் என் மூளை கணக்குத்தான் போட்டது. எட்டுப் பேருக்குப் பதினாறு. மண்டியிட்டு எண்ணினேன், ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு. இருபத்திரண்டு. பதினாறு இல்லை என்று ஒரு மூச்சு வந்தது. இருபத்திரண்டுக்குள் பதினாறு அடக்கமாயிற்றே என்று அடுத்த மூச்சு நின்றது. எல்லாம் பெரியவர்களுடைய செருப்புகள் என்பதுகூடக் கண்ணில் படவில்லை. நனைந்த பேன்ட்டோடு பத்துப் பதினோரு காலேஜ் பையன்கள் மேலே வந்து, "மேடம், அது எங்க செருப்பு" என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தேன்.

கொஞ்சம் தள்ளி ஒரு அம்மா தட்டில் மாங்காய்க் கீற்று வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நான் ஓடிவந்ததையும் மண்டியிட்டதையும் பார்த்திருக்கிறார்.

"இன்னாம்மா, இன்னா தேடற?"

"எட்டுப் பொண்ணுங்க. யூனிபார்ம் சுடிதார். இந்தப் பக்கம்..."

"நா காலைலேந்து இங்கதான் குந்திகினு கீறேன். யூனிபார்ம் போட்டது ஒண்ணும் தண்ணிகிட்ட வர்ல. வந்திருந்தா நா வுட்ருப்பனா? இன்னிக்கு இழுவ ஜாஸ்தி." என் கையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்தார். "செல வெட்ற பட்டறைங்க பக்கம் பாத்தியா? வெயிலுக்கு நெழலு அங்கதான் கீது. போ, அங்க பாரு."

வந்த வழியே திரும்பி ஓடினேன். அவர் பார்க்காதபோது வந்திருந்தால்? மாங்காய் நறுக்கக் குனிந்திருந்தபோது வந்திருந்தால்? தோப்பு முழுக்க இதையே நினைத்துக்கொண்டு ஓடினேன். கால் முழுக்கச் சவுக்கு ஊசி குத்தியதை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

ரதத்துக்கு எதிர்ச் சாலையில் சிற்பப் பட்டறைகள். மூன்றாவது பட்டறையில் முகம் செதுக்காத பிள்ளையார்கள் வரிசையாக நின்றார்கள், அவர்களுக்குப் பின்னால் யூனிபார்ம் நிறம் தெரிந்தது. என் எட்டுப் பேர். வரிசையாக நிற்கவில்லை. வட்டமாக, தோளோடு தோள் ஒட்டி, முதுகை வெளியே காட்டிக்கொண்டு நின்றார்கள். ஏழு முதுகுகள். வட்டத்தின் நடுவில் ஒருத்தி, இடுப்பில் யாருடையதோ ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றாள்.

நான் அவர்களைத் தொட்டேன். ஒவ்வொரு தலையாக, எட்டையும் தொட்டேன். அதன் பிறகு அங்கேயே கல் தூள்மேல் உட்கார்ந்து அழுதேன்.

உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்த பட்டறைக்காரர் கோபமாக இருந்தார். "இன்னா டீச்சரம்மா நீ? ஒன்னவர் ஆவப்போவுது. நானே பஸ்டாண்டு பக்கம் இட்டுகினு போய் வுடறேன்னேன், வரமாட்டேன்னுட்டாளுங்க. எங்க மிஸ் வருவாங்க, எங்க மிஸ் வருவாங்கன்னு ஒரே புடி."

வரிசைத் தலைவி என் காதருகே குனிந்தாள். "இவளுக்கு வந்துடுச்சு மிஸ். மொத தடவ. சுடிதார்லாம் ஆயிடுச்சு. சார்கிட்ட எப்படி மிஸ் சொல்றது? உங்ககிட்டதான் வந்து, நாங்க பாத்ரூம் போலாமான்னு கேட்டேன். நீங்க போன்ல இருந்தீங்க, தலையாட்டுனீங்க. வெளிய வர்றதுக்குள்ள பஸ்ஸு போயிடுச்சு. இவ ரோட்டுல நடக்கமாட்டேன்னு அழுதா. நாங்க மறைச்சுகினு இங்க வந்து நின்னோம்."

தலையாட்டியது எனக்கு நினைவில்லை. இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. ஆனால் ஆட்டியிருப்பேன்.

பயந்தாங்கொள்ளியின் கைப்பையில் இல்லாத பொருள் கிடையாது. நாப்கின் இருந்தது, சோப்பு இருந்தது, மாற்றிக்கொள்ள ஒரு பழைய நைட்டிகூட இருந்தது. பட்டறைக்குப் பின்னால் அவருடைய வீடு. அவர் மனைவி கதவைத் திறந்துவிட்டார். அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப்போய், சொல்ல வேண்டியதைச் சொல்லி, கழுவி, மாற்றி, வெளியே கூட்டிவந்தேன். பி.டி. சாருக்குப் போன் செய்து, "எட்டுப் பேரும் இருக்காங்க சார், பஸ்ஸ எடுத்துட்டு வாங்க" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. துணிக்கடை அம்மாவுக்கு அவர் பெண்ணைப் படமெடுத்து அனுப்பினேன்.

பஸ் வரும்வரை பட்டறைத் திண்டில் உட்கார்ந்திருந்தோம். நைட்டியில் இருந்த பெண் என் பக்கத்தில். அவள் விசும்பல் மட்டும் நிற்கவில்லை. "தொலைஞ்சி போயிட்டோம்னு நெனச்சேன் மிஸ்" என்றாள். எனக்கும் அதேதான் என்று சொல்ல வாய்வரை வந்தது.

தலைவி அவள் தோளில் இடித்தாள். "அழாதடின்னு நான் அப்பவே சொன்னேன் மிஸ். எட்டுப் பேர் இல்லன்னா வரிசைல எவ்ளோ பெரிய ஓட்ட விழும்? மிஸ் ஒரு தடவ பாத்தா போதும், ஒடனே தெரிஞ்சிரும், வந்துருவாங்கன்னு சொன்னேன். அதனாலதான் நாங்க யாரும் பயப்படல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஓட்டயப் பாத்துதானே மிஸ் வந்தீங்க?"

எட்டுப் பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இல்லாத வரிசையைத்தான் அழகு என்று நான் படமெடுக்கச் சொன்னேன்.

"ஆமா" என்றேன்.

நைட்டிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.